மரை கழன்ற கதை

கொஞ்சம் ஏடாகூடமாகப் பேசுகிறவனைப் பார்த்து, "அவனுக்கு மரை கழண்டு போச்சு" என்று சொல்வது நம் ஊர் வழக்கம். நம் விடுதியில் இந்தப் பட்டம் வாங்காமல் வெளியே வந்தவர்கள் குறைவு! ஆனால் மரையை அளவுக்கு மீறி முறுக்கி உடைத்தவனுக்கு நம் பேச்சில் பட்டம் எதுவும் கிடையாது. கழன்றால் குற்றம், எவ்வளவு இறுக்கினாலும் குற்றமில்லை என்பதுதான் பொதுவான எண்ணம். பஞ்சர் கடையானாலும் பெரிய ஒர்க்ஷாப்பானாலும் நாம் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: "நல்லா டைட்டா போடுப்பா!"

எவ்வளவு டைட்டாகப் போட்டால் "நல்லா டைட்"? கேட்கச் சாதாரணமாக இருக்கும் இந்தக் கேள்விக்குப் பதில் தேட பொறியாளர்களுக்கு நூறு வருஷத்துக்கும் மேல் ஆயிற்று. அந்தக் கதையைத்தான் இங்கே சொல்ல நினைக்கிறேன். மெக்கானிக்கல் படிக்காத நண்பர்களும் தாராளமாகப் படிக்கலாம். கார் ஓட்டுகிற எல்லோருக்கும், காரில் உட்காருகிற எல்லோருக்கும் இதில் பங்கு உண்டு.

ஒவ்வொரு நட்டுக்கும் ஒரு ஜோடி

இன்று கடையில் போய் "எட்டு எம்.எம். நட்டு நாலு குடுங்க" என்றால் கொடுத்துவிடுகிறார்கள். வீட்டில் இருக்கும் போல்ட்டில் அது சரியாக ஏறுகிறது. இருநூறு ஆண்டுகளுக்கு முன் இது நடக்காத காரியம். ஒவ்வொரு பட்டறையும் தன் இஷ்டத்துக்கு மரை வெட்டியது. இயந்திரத்தைப் பிரித்தால் எந்த நட்டு எந்த போல்ட்டுக்கு என்று அடையாளம் போட்டு வைக்க வேண்டும். மாறிப்போனால் ஏறாது.

லண்டனில் ஹென்றி மாட்ஸ்லே என்பவர் 1800-ஆம் ஆண்டு வாக்கில் மரை வெட்டும் லேத்தைத் துல்லியமான கருவியாக ஆக்கினார். அவருடைய பட்டறையில் வேலை பார்த்த ஜோசப் விட்வொர்த், பிறகு பல பட்டறைகளிலிருந்து போல்ட்டுகளைச் சேகரித்து, அவற்றின் அளவுகளை ஒப்பிட்டுச் சராசரி எடுத்து, ஒரே சீரான மரை அளவுகளை 1841-இல் முன்வைத்தார். மரையின் கோணம் 55 டிகிரி. முகடும் பள்ளமும் உருண்டையாக இருக்கும். பிரிட்டிஷ் ரயில்வேக்களும் கப்பல் தளங்களும் இதை ஏற்றுக்கொண்டன.

அமெரிக்காவில் வில்லியம் செல்லர்ஸ் 1864-இல் பிலடெல்பியாவின் பிராங்க்ளின் இன்ஸ்டிடியூட்டில் வேறொரு முறையைச் சொன்னார். கோணம் 60 டிகிரி. முகடும் பள்ளமும் தட்டை. காரணம் ரொம்ப நடைமுறையானது. 55 டிகிரியை அளந்து சரிபார்ப்பது கஷ்டம், உருண்டை முகடு வெட்ட கைதேர்ந்த ஆள் வேண்டும். 60 டிகிரியும் தட்டை முகடும் என்றால் சாதாரண தொழிலாளியே செய்துவிடலாம். 1898-இல் ஜூரிச்சில் கூடிய ஐரோப்பியர்கள் மெட்ரிக் மரைக்கும் 60 டிகிரியையே எடுத்துக்கொண்டார்கள்.

இந்த வேற்றுமை எவ்வளவு பெரிய தலைவலி என்பது இரண்டாம் உலகப் போரில் தெரிந்தது. ரோல்ஸ் ராய்ஸ் மெர்லின் விமான எஞ்ஜினை அமெரிக்காவின் பேக்கார்டு கம்பெனி தயாரிக்க ஒப்புக்கொண்டபோது, எஞ்ஜினில் இருந்த மரைகள் எல்லாம் பிரிட்டிஷ் மரைகள். அவற்றுக்கான டாப்பும் டையும் அமெரிக்காவில் கிடைக்காததால் பேக்கார்டே அவற்றைச் செய்துகொள்ள வேண்டியிருந்தது. போர் முடிந்தபின், 1948 நவம்பர் 18 அன்று வாஷிங்டனில் அமெரிக்கா, பிரிட்டன், கனடா மூன்றும் பொது மரைக்கு ஒப்பந்தம் செய்துகொண்டன. 60 டிகிரி ஜெயித்தது.

நம் தெருவில் இரண்டு குடும்பங்கள்

இந்தச் சண்டையின் மிச்சம் நம் ஊர் மெக்கானிக் ஷெட்டுகளில் நீண்ட காலம் இருந்தது. அம்பாசடர் பிரிட்டிஷ் மோரிஸ் வழி வந்த கார். அதில் அங்குலக் கணக்கு. சென்னையில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டும் அப்படியே. 1955 முதல் சென்னையில் உருவான என்ஃபீல்டு புல்லட்டில் பழைய பிரிட்டிஷ் மரைகள். ஃபியட் இத்தாலி வழி, மில்லிமீட்டர் கணக்கு. 1983 டிசம்பரில் வந்த மாருதியும் மில்லிமீட்டர்தான். ஆகவே ஒரே ஷெட்டில் "அரை, ஒன்பது பதினாறு" என்று ஒரு செட் ஸ்பேனர், "பத்து பதினொண்ணு, பன்னெண்டு பதிமூணு" என்று இன்னொரு செட். 1990-களின் தொடக்கத்தில் அம்பாசடருக்கு ஜப்பானிய இசுசூ எஞ்ஜின் வந்தபோது ஒரே காருக்குள்ளேயே இரண்டு குடும்பமும் குடியேறிவிட்டன! அம்பாசடர் உற்பத்தி 2014-இல் நின்றுவிட்டாலும், இன்றும் பழைய வண்டியைப் பராமரிக்கிறவர்களுக்கு இந்தக் குழப்பம் தீரவில்லை.

இதில் ஓர் ஆபத்து இருக்கிறது. 5/16 அங்குல போல்ட்டின் விட்டம் 7.94 மி.மீ. எட்டு எம்.எம். போல்ட்டுக்கும் இதற்கும் கண்ணால் வித்தியாசம் தெரியாது. ஒன்றின் நட்டை மற்றொன்றில் போட்டால் இரண்டு மூன்று சுற்று நன்றாகவே ஏறும். மரைக்கு மரை உள்ள இடைவெளி வேறு என்பதால் அதற்குமேல் பிடித்துக்கொள்ளும். "கொஞ்சம் டைட்டா இருக்கு, அவ்ளோதான்" என்று ஸ்பேனர் போட்டு இழுத்தால் மரை நசுங்கும். கைக்கு நல்ல இறுக்கம் தெரியும். ஆனால் அந்த நட்டு எதையும் பிடித்துக்கொண்டிருக்காது. கைக்குத் தெரியும் இறுக்கம் வேறு, உண்மையான இறுக்கம் வேறு. இந்தக் கட்டுரையின் மையமே இதுதான்.

இறுக்குவது என்றால் நீட்டுவது

உண்மையான இறுக்கம் என்றால் என்ன? போல்ட்டை ஒரு ரப்பர் பேண்டு என்று நினைத்துக்கொள்ளுங்கள். நட்டைத் திருகும்போது போல்ட்டு இழுபட்டு நீளுகிறது. நீண்டது மறுபடி சுருங்கப் பார்க்கிறது. அந்தச் சுருங்கும் விசைதான் இரண்டு பாகங்களையும் அழுத்திப் பிடிக்கிறது. எஃகு ரப்பர் மாதிரி நீளாது என்பதால் நமக்குக் கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவே.

கணக்கைப் பாருங்கள். தலையில் 8.8 என்று எழுதிய பத்து எம்.எம். போல்ட்டைச் சுமார் 50 நியூட்டன் மீட்டர் முறுக்குகிறோம். அதாவது 25 செ.மீ. நீள ஸ்பேனரின் முனையில் சுமார் 20 கிலோ இழுப்பு. இதனால் போல்ட்டுக்குள் பிறக்கும் இழுவிசை கிட்டத்தட்ட இரண்டரை டன்! 10 செ.மீ. நீளமுள்ள போல்ட்டு இந்த விசையில் நீளுவதோ 0.2 மி.மீ.க்கும் உள்ளே. முதல் வருஷத்தில் படித்து மறந்த ஹூக் விதி இங்கேதான் வேலை செய்கிறது.

அந்த 8.8 என்பதற்கும் அர்த்தம் உண்டு. முதல் எண்ணை நூறால் பெருக்கினால் 800. ஒரு சதுர மி.மீ.க்கு அத்தனை நியூட்டன் தாங்கியபின் அறுந்துவிடும். இரண்டாவது எண், அதில் பத்தில் எட்டுப் பங்கு வரை நீட்டினால்தான் பழைய நீளத்துக்குத் திரும்பும் என்கிறது. 10.9, 12.9 எல்லாம் இதே கணக்கில் இன்னும் பலமானவை. இந்தியத் தர நிர்ணயத்திலும் ஐ.எஸ். 1367-இல் இதே முறைதான். சென்னை பாடியில் 1966 முதல் சுந்தரம் ஃபாஸனர்ஸ் தொழிற்சாலையில் இப்படிப்பட்ட உயர்பலப் போல்ட்டுகள் தயாராகின்றன. எண் எதுவும் இல்லாத மொட்டைத் தலைப் போல்ட்டை இவற்றின் இடத்தில் போடுவது பெரிய தவறு.

இன்னொரு சங்கதி பலருக்கு ஆச்சரியம் தரும். நாம் போடும் முறுக்கில் நூறில் சுமார் ஐம்பது பங்கு நட்டின் அடிப்பரப்பு உராய்விலும், நாற்பது பங்கு மரையின் உராய்விலும் போய்விடுகிறது. மிச்சம் பத்துப் பங்குதான் போல்ட்டை நீட்டுகிறது. ஆகவே உராய்வு கொஞ்சம் மாறினாலும் அந்தப் பத்து எங்கேயோ போய்விடும். துருப்பிடித்த மரையில் ஸ்பேனர் கடினமாகத் திரும்பும். ஆனால் போல்ட்டு சரியாக நீண்டிருக்காது. அதே மரையில் கிரீஸ் தடவினால் அதே முறுக்கில் போல்ட்டு மிதமிஞ்சி நீளும், அறுந்தும் போகலாம். இதனால்தான் கம்பெனி கையேட்டில் "உலர்ந்த நிலையில்" அல்லது "எண்ணெய் தடவி" என்று எழுதியிருப்பார்கள். அந்த ஒரு வார்த்தையைத்தான் நாம் முதலில் விட்டுவிடுகிறோம்!

கைக்கணக்கும் கருவிக்கணக்கும்

பழைய மெக்கானிக்குகள் டார்க் ரென்ச் இல்லாமலே அருமையாக வேலை செய்தார்களே என்று கேட்கலாம். உண்மை. அவர்களுடைய கைக்கு ஞானம் உண்டு. அந்த ஞானத்தில் ஒரு பாதி ஸ்பேனருக்குள்ளேயே இருக்கிறது. ஆறு எம்.எம். போல்ட்டுக்கு வேண்டியது சுமார் 10 நியூட்டன் மீட்டர், பன்னிரண்டு எம்.எம். போல்ட்டுக்கு சுமார் 85. அதற்குத் தகுந்த மாதிரி சின்ன ஸ்பேனரைக் குட்டையாகவும் பெரிய ஸ்பேனரை நீளமாகவும் செய்திருக்கிறார்கள். ஒரே கை, ஏறக்குறைய ஒரே இழுப்பு. நீளம் கணக்கைப் பார்த்துக்கொள்ளும். "டேய், பைப்பை மாட்டி ஒரு இழு இழுடா" என்று சொன்ன நிமிஷமே இந்தக் கணக்கு மொத்தமும் போயிற்று. பைப்பு கழற்றுவதற்கு வேண்டுமானால் ஆகலாம், இறுக்குவதற்கு ஆகாது.

முறுக்கை அளக்கும் கருவி பிறந்தது காரில் அல்ல. நியூயார்க் நகரக் குடிநீர்த் துறையில் வேலை பார்த்த கான்ராட் பாஹ்ர் என்பவர், பூமிக்கடியில் குழாய் இணைப்புகளின் போல்ட்டுகள் ஒரே சீராக இறுகுவதற்காக 1918-இல் இதை உருவாக்கியதாகச் சொல்வார்கள். 1930-களில் இது கார்த் தொழிலுக்கு வந்தது. கிரைஸ்லர் கம்பெனியின் தொடர்போடு, வளையும் கம்பியும் முள்ளும் கொண்ட எளிய டார்க் ரென்ச்சை பால் ஸ்டர்ட்டிவன்ட் விற்பனைக்குக் கொண்டுவந்தார். 1938-இல் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது.

கார் எஞ்ஜினுக்கு இது அவசியமான காரணம் சிலிண்டர் ஹெட். ஹெட் கேஸ்கெட் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி அழுத்தப்பட வேண்டும். ஒரு ஓரத்தில் கூடி இன்னொரு ஓரத்தில் குறைந்தால், குறைந்த பக்கம் தண்ணீரும் எண்ணெயும் கலக்கும், காற்று கசியும். அதனால்தான் நடுவில் தொடங்கி வெளிப்பக்கமாக, இரண்டு மூன்று தவணையாக இறுக்கச் சொல்கிறார்கள். பந்தல் துணியை நாலு மூலையிலும் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக் கட்டுகிறோமே, அதே தத்துவம்தான்.

நட்டு ஏன் கழல்கிறது?

இறுக்கிய நட்டு தானாகக் கழல்வது ஏன் என்பது நீண்ட காலம் சரியாகப் புரியாமலே இருந்தது. சக்கரம் சுற்றுகிற திசையில் நட்டு கழலுகிறது என்று எண்ணி, கிரைஸ்லர் கார்களில் 1970 வாக்கு வரை இடது பக்கச் சக்கரங்களுக்கு இடது மரை வைத்தார்கள். விஷயம் தெரியாதவர்கள் "கழற்றுகிறேன்" என்று இன்னும் இறுக்கி ஸ்டட்டை உடைத்ததுதான் மிச்சம்!

தெளிவான விடை 1969-இல் வந்தது. கெர்ஹார்ட் யுங்கர் என்ற ஜெர்மானியப் பொறியாளர், போல்ட்டால் பிணைத்த இரண்டு தகடுகளைப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்க்கும் சோதனை ஒன்றைச் செய்தார். போல்ட்டின் நீளவாக்கில் வரும் அதிர்வைவிட, தகடுகளைப் பக்கவாட்டில் நழுவச் செய்யும் அசைவுதான் நட்டைச் சுலபமாகக் கழற்றுகிறது என்று காட்டினார். இழுவிசை போதிய அளவு இருந்தால் தகடுகள் நழுவாது; நழுவாவிட்டால் நட்டும் கழலாது. நாம் நம்பிக்கொண்டிருக்கும் ஸ்பிரிங் வாஷர் இந்தச் சோதனையில் பெரிதாக உதவவில்லை. நட்டைக் காப்பது வாஷர் அல்ல, போல்ட்டின் நீட்சி.

இதற்கு முன்பே 1953-இல், அமெரிக்காவில் டிரினிட்டி கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் வெர்னான் கிரீபிள், காற்றுப்படாத இடத்தில் உலோகத்தோடு சேர்ந்தால் இறுகும் ஒரு திரவத்தை வணிகப் பொருளாக்கினார். அதுதான் இன்று கடையில் கிடைக்கும் லாக்டைட். ஒரு கல்லூரிப் பேராசிரியரின் வேலை உலகம் பூராவும் ஒர்க்ஷாப்புகளுக்குப் போனதை நம் மாணவர்கள் கவனிக்க வேண்டும். ஆனால் அதுவும் சரியாக இறுக்கிய நட்டுக்குத் துணைதான், இறுக்கத்துக்குப் பதில் அல்ல.

கிளிக் சத்தம் போதுமா?

கருவி இருந்தால் மட்டும் போதுமா என்பதற்கு ஒரு விமானத்தின் கதையைச் சொல்ல வேண்டும். 1990 ஜூன் 10 அன்று பர்மிங்ஹாமிலிருந்து புறப்பட்ட பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் ஒன்றில், 17,300 அடி உயரத்தில் விமானியின் முன் கண்ணாடி அப்படியே பிய்த்துக்கொண்டு போனது. காற்று இழுத்ததில் தலைமை விமானியின் உடல் பாதி வெளியே போய்விட்டது. சக ஊழியர்கள் காலைப் பிடித்துக்கொண்டே இருக்க, துணை விமானி சவுத்தாம்ப்டனில் இறக்கினார். எல்லோரும் பிழைத்தார்கள், வெளியே தொங்கிய விமானி உட்பட!

அந்தக் கண்ணாடி 27 மணி நேரத்துக்கு முன்புதான் மாற்றப்பட்டது. 90 போல்ட்டுகளில் 84 போல்ட்டுகள் வேண்டிய விட்டத்தைவிட 0.66 மி.மீ. குறைவு. பழைய போல்ட்டைக் கையில் வைத்துக் கண்ணால் ஒப்பிட்டு எடுத்திருக்கிறார் பழுது பார்த்தவர். பூட்டியபோது, குறித்த முறுக்கு வந்ததும் விட்டுக்கொடுக்கும் ஸ்க்ரூடிரைவரைத்தான் பயன்படுத்தினார். ஆனால் மெலிந்த போல்ட்டு மரையில் வழுக்கியதையும், கருவி விட்டுக்கொடுத்ததையும் வேறுபடுத்திப் பார்க்க முடியவில்லை. அனுபவசாலிதான், கருவியும் இருந்தது. போல்ட்டு சரியானதா என்ற முதல் கேள்விதான் விடுபட்டுப்போயிற்று.

டிகிரிக் கணக்கு

உராய்வுதான் பகைவன் என்று தெரிந்தபின், அதைத் தவிர்க்க ஒரு வழி கண்டார்கள். முதலில் சிறிய முறுக்கில் இறுக்கிப் பாகங்களை ஒட்டவைப்பது. பிறகு முறுக்கைப் பார்க்காமல் கோணத்தைப் பார்த்துத் திருப்புவது. பத்து எம்.எம். போல்ட்டின் மரை இடைவெளி 1.5 மி.மீ. என்றால், கால் சுற்றுக்கு நட்டு 0.375 மி.மீ. நகர்ந்தே தீரும், எண்ணெய் இருந்தாலும் இல்லாவிட்டாலும். இன்றைய கார்களில் ஹெட் போல்ட்டுக்கு "இத்தனை நியூட்டன் மீட்டர், பிறகு 90 டிகிரி, மறுபடி 90 டிகிரி" என்று கையேட்டில் எழுதியிருப்பது இதனால்தான். இப்படி இறுக்கும் போல்ட்டுகளில் பல, திரும்பிச் சுருங்காத அளவுக்கு நீட்டப்படுபவை. ஒருமுறை கழற்றினால் புதிதுதான் போட வேண்டும். "பார்க்கப் புதுசு மாதிரிதான் சார் இருக்கு" என்று சொன்னால் நம்பக் கூடாது.

மாணவ நண்பர்களுக்குச் சில குறிப்புகள்

1. நட்டை முதலில் கையாலேயே பல சுற்று ஏற்றுங்கள். கையால் ஏறாவிட்டால் மரை மாறியிருக்கிறது அல்லது கோணலாக ஏறியிருக்கிறது. ஸ்பேனரால் சமாதானம் செய்யாதீர்கள்.

2. மரையைக் கம்பி பிரஷ்ஷால் சுத்தம் செய்யுங்கள். எண்ணெய் தடவுவதா வேண்டாமா என்பதைக் கையேட்டைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

3. சக்கர நட்டில் கூம்பாக உள்ள பக்கம் ரிம் பக்கம் இருக்க வேண்டும். எதிரெதிராக, நட்சத்திர வடிவில் இறுக்குங்கள். ஜாக்கியை இறக்கி டயர் தரையில் பட்டபிறகு கடைசி இறுக்கு.

4. சக்கரம் மாற்றியபின் 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி ஒருமுறை சரிபாருங்கள். இடையில் இருக்கும் பெயின்ட், துரு, தூசி அமுங்கி இறுக்கம் குறைந்திருக்கும்.

5. டார்க் ரென்ச்சைப் பிடியில் பிடித்து நிதானமாக இழுங்கள். ஒரு கிளிக் போதும். கழற்றுவதற்கு அதைப் பயன்படுத்தாதீர்கள். வேலை முடிந்ததும் அளவைக் குறைந்தபட்சத்துக்குக் கொண்டுவந்து வையுங்கள்.

6. அலுமினியத்தில் போடும் போல்ட்டு, முக்கியமாக ஆயில் சம்ப்பின் ட்ரெயின் நட்டு, மென்மையானவர்களிடம் நடந்துகொள்வது போல நடந்துகொள்ள வேண்டிய இடம்.

விட்வொர்த் காலத்தில் கேள்வி "ஏறுமா?" என்பது. பாஹ்ர் காலத்தில் "எவ்வளவு முறுக்க?" யுங்கருக்குப் பிறகு "எவ்வளவு நீண்டது?" கேள்வி இப்படி மாற மாறத்தான் வண்டிகள் பாதுகாப்பாயின. கைப்பழக்கத்தை விட்டுவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. தான் தொடுவது எது, தனக்குத் தெரியாமல் போவது எது என்று அந்தக் கைக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

முதலாம் ஆண்டில் நாம் எல்லோரும் ஃபிட்டிங் செக்ஷனில் டாப்பு போட்டு மரை வெட்டியவர்கள்தான். வெட்டிய மரையில் போல்ட்டு ஏறினால் மார்க் கிடைத்தது. எவ்வளவு இறுக்க வேண்டும் என்று யாரும் கேட்டதில்லை. நம் சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம்: இந்தக் கூடுதலின் நினைவாக ஒர்க்ஷாப்புக்கு நாலு டார்க் ரென்ச் வாங்கிக் கொடுப்போம். பெரிய செலவில்லை. ஒவ்வொரு வருஷமும் புதிதாக வரும் தம்பி தங்கைகள் ஒரே ஒரு போல்ட்டை, முதலில் கை அளவில், பிறகு கருவி அளவில் இறுக்கிப் பார்க்கட்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் முள்ளில் தெரிகிற அந்த நிமிஷத்தில் கிடைக்கும் பாடத்தை, எந்தச் சக்கரத்தைப் பூட்டும்போதும் மறக்க மாட்டார்கள்.